சுவரும் துபாயும்

ஜூன் 3, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் இன்று காலை செத்துப்போனது. காபி குடித்துவிட்டு வந்து பொத்தானை அமுக்கினேன். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த ஆள் மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு சார். ஹார்டு டிஸ்க் நல்லா இருக்கு. ஆனா இதுக்குச் சேர்ற போர்டு இப்ப எங்கயும் கிடைக்காது" என்றார். டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுத்தார். சுடர் அதை ஒரு துணியில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். சுடர்விழி என் மகள். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். அவள் அம்மா போன பிறகு இந்த விருகம்பாக்கம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்த டைரியும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். நடந்ததைத் தினமும் எழுதினால் நல்ல தூக்கம் வரும் என்று டாக்டர் சொன்னாராம். என் தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். முப்பது வருஷமாக அடுத்தவர் குடும்பக் கதையையே எழுதியாயிற்று, நம் வீட்டுக் கதையும் கொஞ்சம் இருக்கட்டும்.

வெறும் கம்ப்யூட்டர் போயிருந்தால் கவலைப்பட மாட்டேன். அதற்குள் என் நீலத்திரை இருந்தது. 1994இல் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு, நான் வைத்த பெயர் நீலத்திரை. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. ஒரு தலைப்பு எழுதலாம். அதற்குக் கீழே கிளை, கிளைக்குக் கீழே இன்னொரு கிளை. மைனஸ் அடித்தால் எல்லாம் தலைப்புக்குள் மடங்கிக்கொள்ளும், பிளஸ் அடித்தால் விரியும். ஒரு கிளையைத் தூக்கி வேறு தலைப்புக்கடியில் வைத்தால் அதன் பிள்ளைகுட்டிகளும் மூட்டை முடிச்சோடு கூடவே வரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டீவி சீரியலுக்குக் கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? தமிழ்கூட அதற்குத் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டியே ஐந்து சீரியல்களை முடித்தேன். ஆறாவது 'பூவரசு வீடு', ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக் கிளை கிளையாக நான் போடும் கதை மரங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் அழிப்பதில்லை. உச்சியில் 'எழுத்து' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் கதை என்று என் பெயரும் வசனம் என்று ரோஸ்லின் பெயரும். நடுவில் குடும்பங்கள். அடியில் இரண்டு தலைப்புகள்: 'சுவர்', 'துபாய்'. கதையில் செத்தவர்கள் சுவருக்குப் போவார்கள், அதாவது படமாகி மாலையோடு தொங்குகிறவர்கள். நடிகருக்குச் சினிமா கிடைத்தோ, சண்டை போட்டுக்கொண்டோ போய்விட்டால் அந்தப் பாத்திரம் துபாய்க்குப் போகும். கதையில் அது லண்டனாக இருக்கும், கோயம்புத்தூராகக்கூட இருக்கும். என் மரத்தில் எல்லோருக்கும் துபாய்தான். அவர்கள் உயிரோடு இருப்பதை ஜனங்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எப்போதாவது வீட்டுக்கு ஃபோன் செய்வார்கள். முகம் தெரியாது, குரலை டப்பிங்கில் யாராவது பேசிவிடுவார்கள். அந்தக் குரலுக்கு ஆறு சீரியலிலும் ஒரே வசனம்தான்: "சும்மாதான் பண்ணேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

ரோஸ்லின் அதைப் படித்துப் படித்துச் சிரிப்பாள். மாற்றியதில்லை.

ஜூன் 5, வியாழன்

சுடர் டிஸ்க்கிலிருந்து கதையை மட்டும் உருவி, அவளுடைய பழைய லேப்டாப்பில் ஒரு புது சாஃப்ட்வேரில் கொட்டிக் கொடுத்தாள். இப்போது எல்லோரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்களாம்.

உள்ளே விடுவதற்கு முன்பே பெயர் என்ன, ஈமெயில் என்ன, எதற்காக வந்தீர்கள் என்று கேட்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட முதலில் உட்காரச் சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குட்டிப் பொம்மைப் படம் வைத்துக்கொள் என்கிறது. கை தவறி மங்களத்துக்கு ஒரு கத்தரிக்காய் பொம்மை விழுந்துவிட்டது. மங்களம் பூவரசு வீட்டின் மூத்த மாமியார், ஊரையே மிரட்டுகிற பொம்பளை. அவளுக்குக் கத்தரிக்காய்!

எடுக்கத் தெரியவில்லை. மூடிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது சாஃப்ட்வேர்: நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கோடு கோடாகக் கால்கள். சிலந்தி. குடும்பக் கதையைச் சிலந்தியின் வயிற்றில் வைத்து எப்படி எழுதுவது?

மூன்றாவது பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் காலையில் வைத்த பாஸ்வேர்டை மத்தியானம் ஏற்க மாட்டேன் என்கிறது. "நீங்க வெச்சது வேறப்பா" என்கிறாள் சுடர். நான் வைத்தது எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் ரோஸ்லின் ஃபோன். என் கதைக்குப் பதினைந்து வருஷமாக வசனம் எழுதுகிறவள். தூத்துக்குடிக்காரி, ஊர்ப் பேச்சைச் சென்னைக்கு வந்து உதறிவிட்டாள். கோபம் வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கும்.

"சார், இந்த வார சீன்ல வாசுகி அடுப்படியில நிக்கறா."

"ஆமா. சாம்பார் வைக்கறா."

"வாசுகியத்தான் போன மாசம் துபாய்க்கு அனுப்பிட்டோமே சார். அந்தப் பொண்ணுக்குப் படம் கிடைச்சுதுன்னு நீங்கதானே அனுப்பி வெச்சீங்க."

"தெரியும்மா. இந்தப் புது சாஃப்ட்வேர்ல கிளையெல்லாம் தன்னால எடம் மாறிடுது."

"இருக்கும் சார். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஜூன் 14, சனி

சாலிகிராமத்தில் சீரியல் ஆபீசில் அடுத்த வாரக் கதைக்கு டிஸ்கஷன். டைரக்டர் ஞானவேல், ரோஸ்லின், நான். நான் வெற்றிலை போடாமல் கதை சொல்ல மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். தட்டு தயாராக இருந்தது.

சொன்னேன். "வெள்ளிக்கிழமை. வீட்ல பூஜை. மணி அடிக்குது. தெய்வானை கதவைத் தொறக்கறா. வாசல்ல பெட்டியோட மங்களம் நிக்கறா."

ஞானவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சார்... மங்களத்தைக் கொன்னு ஒரு வருஷம் ஆச்சு. ஹால்ல மாலை போட்டுப் படம் தொங்குது."

நான் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தேன். ரோஸ்லின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஞானவேல் துள்ளி எழுந்தான். "ஐயையோ, சார்! பின்னிட்டீங்க சார்! அந்தப் படத்துக்கு முன்னாடியே வந்து நிக்கறா. தன் மாலையைத் தானே கழட்டறா. ஃப்ரீஸ்!"

"அதுக்குத்தானேடா அவளை வெச்சிருந்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் அவளைத் துபாயில்தான் வைத்திருந்தேன். நிச்சயமாகத் துபாயில்தான்.

ஜூன் 19, வியாழன்

ரேட்டிங் வந்துவிட்டது. மங்களம் மாலையைக் கழற்றும் ப்ரோமோ மட்டும்தான் போயிருக்கிறது, அதற்கே ஏறிவிட்டது. சேனலிலிருந்து இனிப்புப் பெட்டி. ஞானவேல் ஃபோனில், "உங்க மூளைய மியூசியத்துல வெக்கணும் சார்" என்றான்.

சுடர் ஒரு துண்டு மைசூர்பாகு எடுத்தாள். பாதி தின்று வைத்துவிட்டாள். "என்னம்மா, அப்பன் ஜெயிச்சா உனக்குப் பிடிக்கலையா?" என்றேன். "பிடிக்கும்பா" என்றாள். முகத்தில் அது இல்லை.

ஜூன் 21, சனி

முருங்கைக்காய் வாங்கப் போனேன். மார்க்கெட் பக்கம் பள்ளம் தோண்டி வழியையே மாற்றிவிட்டார்கள். இஸ்திரி வண்டிக்காரர்தான் வீடுவரை கூட வந்தார், அவரும் இந்தப் பக்கம்தான் வருவதாகச் சொன்னார். வண்டியை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ.

முருங்கைக்காய் வாங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இதுவரை வந்ததிலேயே மோசமானது இன்று வந்தது.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சுடர் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வாரமாக ஆபீஸ் வேலைக்கு நடுவில் ஏதோ செய்துகொண்டிருந்தாள், யார் யாரிடமோ ஃபோனில் கேட்டாள். தனியாக ஒரு கீபோர்டுகூட வாங்கியிருக்கிறாள், எண்கள் ஓரத்தில் இருக்கிற பழைய மாதிரி. "கண்ண மூடுங்க" என்றாள் சின்னப் பிள்ளை மாதிரி. திறந்தால் நீலத்திரை. வெள்ளை எழுத்து.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தன் என் நீலத்திரையைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறான். மைனஸ் அடித்தால் மடங்குகிறது, பிளஸ் அடித்தால் விரிகிறது. ஆனால் மடங்குகிற விதம் வேறு. விரிந்தால் யார் யாரோ வருகிறார்கள். பெயரெல்லாம் படித்த மாதிரி இருக்கிறது, யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவில்லை. பழையதில் கண்ணை மூடிக்கொண்டு போவேன். தெய்வானை என்றால் கை தானாக நாலாவது கிளைக்குப் போகும்.

"யாரும்மா இதைச் செஞ்சது? உருவம் இருக்கு, உயிர் இல்ல" என்றேன்.

சுடர் என்னவோ சொன்னாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை. அப்புறம் அடுப்படிக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "வேற பாக்கலாம்பா. அதுவரைக்கும் இதுலயே எழுதுங்க" என்றாள்.

மூடி வைத்திருக்கிறேன். காப்பிக்காரன் நன்றாக இருக்க மாட்டான்.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். வாயெல்லாம் கசப்பு.

ஜூலை 4, வெள்ளி

ரோஸ்லின் வீட்டுக்கு வந்தாள். நாளை ஊருக்குப் போகிறாள், அண்ணன் மகள் கல்யாணம். அதற்கு முன் அடுத்த வாரக் கதையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். "நீங்க சொல்லுங்க சார், நான் சும்மா தட்டறேன்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அந்தக் காப்பி சாஃப்ட்வேர் அவளுக்கு மட்டும் சொன்னபடி கேட்கிறது. நான் ஒரு பெயரைச் சொன்னதும் அவள் சத்தமில்லாமல் அடியில் போய் சுவரைத் திறந்து பார்க்கிறாள், துபாயைத் திறந்து பார்க்கிறாள், அப்புறம்தான் தட்டுகிறாள். ஒருமுறை பார்த்தேன், இரண்டுமுறை பார்த்தேன்.

"என்ன தேடற?"

"ஒண்ணுமில்ல சார்."

"நான் சொல்றதுல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்." கிளம்பும்போது வாசலில் நின்று, "சார், நான் வியாழக்கிழமை காலையில வந்துருவேன். கைவசம் எபிசோடு இருக்கு. அதுவரைக்கும் புதுசா எதையும் ஆபீசுக்கு அனுப்பாதீங்க, என்ன?" என்றாள்.

சுடரும் அவளும் வாசல் கேட் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினார்கள்.

அனுப்பாதீர்களாம்! அவள் முதன்முதலாக 'சீன்' என்றால் என்ன என்று கேட்டது என்னிடம்தான்.

ஜூலை 7, திங்கள்

நீண்ட நாளுக்குப் பிறகு ஒரே மூச்சில் எழுதினேன். 'பூவரசு வீடு' இன்பாவுக்கும் யமுனாவுக்கும் கல்யாணம். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், ஒரே வீட்டில் வளைய வருகிறார்கள், இத்தனை நாள் யாருக்கும் இது தோன்றவில்லையே! வசனமும் நானே எழுதி ஞானவேலுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதையெல்லாம் வேறு டைரக்டர் காலத்தில் எடுத்தது, இவன் புதுசாக வந்தவன், ஆனால் சுறுசுறுப்பு. பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான். "சார், நாளைக்கே மண்டபம் செட் போடறேன். மங்களம் மாதிரி இன்னொரு வெடி!"

சுடருக்கு மீட்டிங். அவளிடம் சொல்லவில்லை. ரசம் நானே வைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜூலை 10, வியாழன்

நேற்று இரவு கல்யாண ப்ரோமோ போனது. காலையிலிருந்து ஊரே சிரிக்கிறது. யமுனா இன்பாவின் சொந்தத் தங்கையாம். பிரசவ ஆஸ்பத்திரியில் மாற்றி வைக்கப்பட்ட குழந்தையாம். தொடக்கத்திலேயே அதை ஒரு மாதம் காட்டி அழ வைத்திருக்கிறோமாம். 'அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டற புண்ணியவான் யாரு' என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சேனல் கொதிக்கிறது.

ஞானவேல் என்னைக் கூப்பிட்டான். அவன் கேட்பதற்கு முன்பே ரோஸ்லின் அவனிடம் பேசியிருக்கிறாள். இன்று காலை ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே ஆபீசுக்குப் போனாளாம். "அந்த சீன நான்தான் ஊருக்குப் போற அவசரத்துல எழுதி வெச்சுட்டுப் போனேன். சார் பேர்ல போயிடுச்சு. சார் மேல தப்பு இல்ல" என்றாளாம். திங்கட்கிழமையிலிருந்து வசனத்துக்கு வேறு ஆள் போடச் சொல்லிவிட்டது சேனல்.

"அப்படியா?" என்றேன். ஒருவேளை அவள்தான் எழுதி வைத்தாளோ? நான் தட்டியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் யமுனாவை அந்த இடத்தில் வைத்தது நான் இல்லை. இந்தக் காப்பி சாஃப்ட்வேர்தான் அவளைத் தூக்கி வேறு வீட்டில் போட்டிருக்கிறது.

சுடரைக் கூப்பிட்டேன். "இந்தச் சனியனைத் தூக்கிப் போடு. ஒரு பொண்ணோட பொழப்பையே கெடுத்துடுச்சு. வேற சாஃப்ட்வேர் கொண்டா."

"வேற இல்லப்பா."

"உலகத்துல வேறயே இல்லையா?"

"அப்பா, நீங்க திட்டிக்கிட்டிருக்கறது உங்க நீலத்திரையைத்தான்பா!" கத்தினாள். என் மகள் என்னிடம் கத்தியதே கிடையாது. "அது காப்பி இல்ல. உங்க டிஸ்க்ல இருந்ததை அப்படியே எடுத்து வெச்சிருக்கேன். லேப்டாப்புக்குள்ள பழைய கம்ப்யூட்டர் மாதிரியே ஒண்ணு செஞ்சு அதுக்குள்ள ஓட விட்டிருக்கேன். ஒரு எழுத்து மாத்தல. அன்னைக்கே சொன்னேன். சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். நீங்க காப்பி, காப்பின்னு..." அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தைரியம் வரலப்பா."

குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி

காலையில் குளித்துவிட்டு நீலத்திரை முன் உட்கார்ந்தேன். வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன்.

யமுனா எங்கேயும் போகவில்லை. இன்பாவுக்கு நேர் கீழே, 'சொந்தத் தங்கை, தெய்வானைக்கு மட்டும் தெரியும்' என்று என் பாணியில், இங்கிலீஷ் எழுத்தில், நான் தட்டிய தமிழ். அடியில் போய்ச் சுவரைத் திறந்தேன். 'மங்களம். ஆஸ்பத்திரி. மழை. கடைசி வார்த்தை: சாவியை எடுத்துக்கோ.' அழுதுகொண்டே அதை எழுதியிருப்பேன், நான் அப்படித்தான். ஆனால் எழுதிய நாள் ஞாபகத்தில் இல்லை. அவள் துபாயில் இருந்ததே இல்லை. இப்போதும் சுவரிலேயேதான் இருக்கிறாள். டீவியில் மட்டும் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

எத்தனை சாஃப்ட்வேரைத் திட்டியிருக்கிறேன்! சிலந்தி, கத்தரிக்காய், பாஸ்வேர்டு. பாவம், ஒன்றின் மேலும் தப்பில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரிந்திருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சுடர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு எனக்கும் சொல்லேம்மா."

"சொன்னேன்பா. ரெண்டு தடவை."

"மூணாவது தடவையும் சொல்லு."

சொன்னாள். அந்த நோயின் பெயரை இங்கே எழுத மாட்டேன். மாத்திரையால் அது மெதுவாக நடக்குமாம், திரும்பிப் போகாதாம். "வழி மாறிட்டா பயப்படாதீங்க, உங்க பாக்கெட்ல என் நம்பர் வெச்சிருக்கேன்" என்றாள். சட்டைப்பையில் பார்த்தேன். ஒரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. இஸ்திரி வண்டிக்காரருக்கும் அவள் சொல்லி வைத்திருக்கிறாள்.

பயமாக இருக்கிறது. இதை எழுதத்தான் இந்த டைரி என்றால் எழுதிவிடுகிறேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

மறப்பதற்குள் செய்துவிட வேண்டும் என்று காலையில் எழுந்ததுமே சுடரை அழைத்துக்கொண்டு சாலிகிராமம் போனேன். புது வசனகர்த்தா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்லின் தன் கிளாஸ், டவல், மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞானவேல், அந்தக் கல்யாணத்த எழுதினது நான். ரோஸ்லின் பொய் சொல்றா."

"சார், வேண்டாம் சார்" என்றாள் ரோஸ்லின்.

"இருக்கட்டும் விடுங்க சார், யாருக்கும் வர்ற சின்ன மறதிதானே" என்றான் ஞானவேல்.

"சின்ன மறதி இல்ல தம்பி. மங்களம் செத்தது எனக்கு ஞாபகம் இல்ல. நீ துள்ளிக் குதிச்சியே, அன்னைக்கு நீ சொல்லித்தான் அவ செத்ததே எனக்குத் தெரியும். நான் சமாளிச்சேன். இனிப்பு வந்துது, தின்னேன்."

ஞானவேல் வெற்றிலைத் தட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினான், திரும்ப எடுத்து வைத்தான். அப்புறம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். குலுக்குவதற்கில்லை, சும்மா பிடித்துக்கொண்டான்.

"மூணு மாசமா என் கதையில ஓட்டை விழாம பாத்துக்கிட்டது இவதான். இவளை வெளிய அனுப்பிட்டா உன் சீரியல்ல அண்ணன் தங்கச்சி மட்டுமில்ல, இன்னும் என்னென்னவோ நடக்கும். கதையை இவகிட்ட குடு. இவளுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

ரோஸ்லின் பையை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏன் சார் இப்படிப் பண்ணுதிய?" என்று அழுதாள். ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்துவிட்டது.

ஞானவேல் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அரைமணி நேரம் சேனலோடு பேசினான். திரும்பி வந்து புது ஆளிடம் மன்னிப்புக் கேட்டு ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தான்.

வீட்டுக்கு வந்து சுடர் தயிர் சாதம் பிசைந்து கொடுத்தாள். நிம்மதியாக இருக்கிறது என்று பொய் எழுத மாட்டேன். கை இரண்டையும் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 19, சனி

மத்தியானம் ரோஸ்லின் மரத்தை வாங்கிக்கொள்ள வந்தாள். தன் லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தாள். சுடர் நீலத்திரையை அதில் ஏற்றிக் கொடுத்தாள். "நீங்க வேற நல்லதா ஏதாவது வெச்சுக்கலாமேக்கா, இது பழசு" என்று சுடர் சொன்னதற்கு, "எனக்கு இதுலதான் எல்லாரும் பேசறது கேக்கும்" என்றாள் ரோஸ்லின்.

நல்ல நாள் இன்று. காலையிலிருந்து எல்லாம் தெளிவாக இருக்கிறது. தெய்வானை நாலாவது கிளை என்று கை தானாகப் போனது. ஒவ்வொரு குடும்பமாக விரித்து, யாருக்கு யார் மேல் கோபம், யார் மனசில் என்ன என்றெல்லாம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

கடைசியில் மேலே வந்தோம். 'எழுத்து'. கதை: தணிகாசலம். வசனம்: ரோஸ்லின். அங்கே வந்து அவள் விரல் நின்றுவிட்டது.

"மாத்தும்மா. கதைன்னு உன் பேரப் போடு."

"உங்க பேரை அழிக்க மாட்டேன் சார்."

"அழிக்கச் சொன்னேனா? நம்ம மரத்துல என்னைக்கு யாரை அழிச்சிருக்கோம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "சுவர்லயா போடச் சொல்றீங்க? அதுக்கு வேற ஆளப் பாருங்க சார்."

"சுவர் எதுக்கு? மூச்சு இருக்கு, நல்லா சாப்பிடறேன். துபாய்ல போடு."

நான்தான் செய்தேன். கீபோர்டை என் பக்கம் இழுத்து, என் பெயரைப் பிடித்து, குடும்பங்களையெல்லாம் தாண்டி இறக்கிக்கொண்டே போனேன். தெய்வானை வீடு, இன்பா, யமுனா, சுவர், அதற்கும் கீழே. வாசுகிக்கு அடுத்த வரியில் போய் விழுந்தேன். துபாயிலிருந்து எத்தனையோ பேரை நானே திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். தேவைப்பட்டபோது விமானம் ஏற்றினேன், வாசலில் பெட்டியோடு நிறுத்தினேன். என்னைக் கூட்டிவருகிற கதை எதுவும் ரோஸ்லினுக்கு அகப்படப் போவதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மைனஸை அழுத்தினேன். துபாய் மடங்கிக்கொண்டது.

சுடர் காபி கொண்டுவந்தாள். மூன்று பேரும் குடித்தோம். சர்க்கரை போட மறந்துவிட்டாள், நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ரோஸ்லினுக்கு ஃபோன் செய்தேன். கதையில் ஒரு விஷயம் சொல்லலாம் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தேன், முக்கியமான விஷயம். மணி அடித்தது, எடுத்தாள்.

"சார், சொல்லுங்க சார்!"

பின்னால் ஷூட்டிங் சத்தம் கேட்டது. யாரோ 'சைலன்ஸ்' என்று கத்தினார்கள். அதற்குள் சொல்ல வந்தது போய்விட்டது. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

"சும்மாதான் பண்ணேன்" என்றேன். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"